கால் பாவாத வருஷம்

தையற்காரி சொர்ணவடிவு தன் வாழ்நாளில் கேட்ட கச்சேரிகளிலேயே நல்ல கச்சேரி எது, மோசமான கச்சேரி எது என்று ஆலம்பேரியில் யாரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் இரண்டுமே அந்த ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில், அடுத்தடுத்து வந்த இரண்டு சித்திரைக் கோவில் கொடைகளில், ஒரே பாட்டுக்காரி பாடியவை. அந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்த ஒரு வருஷம் முழுக்க ஊரில் பாதிப் பேருக்குத் தரையில் கால் பாவவில்லை.

வடிவுக்குக் கச்சேரி என்றால் பைத்தியம். தென்காசியோ பாவூர்சத்திரமோ சங்கரன்கோவிலோ, கோவில் கொடையோ மாதா கோவில் திருவிழாவோ தர்கா கந்தூரியோ, எங்கே மைக் கட்டினாலும் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை ஊசியோடு மடித்து வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவாள். சின்னப்பிள்ளைகள் உட்காரும் வரிசைக்கு அடுத்த வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடைசிப் பாட்டு வரைக்கும் எழுந்திருக்காமல் கேட்பாள். பிடித்தால் கை சிவக்கத் தட்டுவாள், பிடிக்காவிட்டால் இரண்டு கையையும் மடியில் கோர்த்து வைத்துக்கொள்வாள், ஊரே தட்டினாலும் தட்டமாட்டாள். அந்தப் பக்கத்து வாத்தியக்காரர்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். கச்சேரி முடிந்து சாமான்களை வேனில் ஏற்றும்போது, "ஆலம்பேரி டெய்லரம்மா கை தட்டுச்சாவே?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

அவள் புருஷன் கைலாசம் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். பாட்டைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவனைப் பொறுத்தவரை உலகத்தில் இருப்பது ஒரே பாட்டுதான், சிலர் அதை நீளமாகப் பாடுகிறார்கள், சிலர் கட்டையாகப் பாடுகிறார்கள். ஆனாலும் வடிவு போகிற கச்சேரிக்கெல்லாம் அவனும் போவான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறிப்பான், முடிந்ததும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, "என்ன, நல்லாருந்துச்சா?" என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்வான்.

முதல் கச்சேரி நடந்த சாயங்காலம் அவன் பக்கத்தில் இல்லை. கொடைக்குப் போட்டிருந்த சீரியல் விளக்குகளும் மைக் செட்டும் சேர்ந்து இழுத்ததில், அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்த டிரான்ஸ்பார்மரில் பீஸ் கட்டை சூடேறிச் சூடேறி விட்டுக்கொண்டே இருந்தது. முதல் பாட்டுக்கு முன்னாலேயே மேடை விளக்கு மங்கியது. கைலாசம் கடலைப் பொட்டலத்தை அவள் மடியில் போட்டுவிட்டு ஓடினான், கச்சேரி முடிகிற வரைக்கும் அங்கேயே நின்று கரண்டைப் போகவிடாமல் காத்தான். ஊரே அன்றைக்குப் பாட்டுக் கேட்டது அவன் தயவில்தான்.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அந்த மெல்லிசைக் குழுவின் பெரிய பாடகி வரவில்லை. வழியில் காய்ச்சல் என்று இறங்கிவிட்டாளாம். கொடைக் கமிட்டித் தலைவர் உலகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டதில் பயந்துபோன குழுக்காரர்கள், பின்வரிசையில் நின்று கோரஸ் பாடுகிற ஒரு மெலிந்த பெண்ணை முன்னால் தள்ளி நிறுத்தினார்கள். ஞானசுகிர்தம் என்று பெயர் சொன்னார்கள். அவள் மைக்கின் உயரத்தைக்கூட இறக்கிக்கொள்ளத் தெரியாமல், கழுத்தை நிமிர்த்தியபடி, எல்லோரும் ரேடியோவில் கேட்டுக் கேட்டுச் சலித்த ஒரு பழைய மெதுவான பாட்டை எடுத்தாள்.

அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்று பிற்பாடு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அம்மை போட்டு இறங்கின மறுநாள் தலைக்குத் தண்ணீர் விட்ட மாதிரி இருந்தது என்றாள் ஒருத்தி. ராணுவத்திலிருந்து வந்த ஒருவர், வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்த நிமிஷம் மாதிரி என்றார். மணலில் ஜமுக்காளமும் சாக்கும் விரித்து இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், கிழவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும், முதல் சரணத்துக்கும் இரண்டாம் சரணத்துக்கும் நடுவில், விரிப்பிலிருந்து ஒரு சாண் உயரம் எழும்பினார்கள். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. பாட்டில் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. பாட்டு முடிந்தது, கை தட்டினார்கள், வடிவு கை சிவக்கத் தட்டினாள், இன்னும் பல பாட்டுகள் பாடினார்கள், கும்பிட்டார்கள், வேன் கிளம்பிப் போனது. வீட்டுக்குப் போகலாமென்று செருப்பைத் தேடிக் காலை நுழைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"என்ன இது, செருப்பு எட்டமாட்டேங்கு?" என்றாள் வடிவு.

"எனக்கும் எட்டல. கூட்டம் மிதிச்சு மிதிச்சு மணல் எறங்கிட்டு போல" என்றாள் பக்கத்து வீட்டு முப்புடாதி.

மணல்தான் இறங்கியிருக்கும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டு, செருப்புகளை அப்படியே விட்டுவிட்டு, தரைக்கு ஒரு சாண் மேலாக நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

வடிவு வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கைலாசம் பின்னாலேயே வந்தான், சட்டையெல்லாம் கரி.

"ஏட்டி, எதுல ஏறி நிக்க?"

"எதுலயும் ஏறல. இப்பிடித்தான் இருக்கு."

கைலாசம் குனிந்து, மீட்டர் பெட்டிக்குப் பின்னால் தடவிப் பார்ப்பதுபோல அவள் பாதங்களுக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்தான். "வயரு ஒண்ணும் இல்ல" என்றான். பிறகு, "வலிக்கா?" என்று கேட்டான். இல்லை என்றதும், "சரி, சோத்தப் போடு" என்றான். மறுநாள் விடிந்ததும் அவன் செய்த முதல் வேலை, அவளுடைய தையல் மெஷினின் மிதிகட்டை மேல் மரத்துண்டு வைத்து ஆணியடித்து, அவள் கால் எட்டுகிற உயரத்துக்குக் கொண்டுவந்ததுதான்.

அன்று காலை மைதானம் முழுக்கச் செருப்பாகக் கிடந்தது. ரப்பர் செருப்பு, டயர் செருப்பு, கல்யாணத்துக்கு வாங்கின குதிகால் செருப்பு, பிள்ளைகளின் பீப்பி செருப்பு. கோடைக் காற்று அடித்து அவற்றின் மேல் மணலை ஏற்றிக்கொண்டிருந்தது. செருப்புக்கடை மீரான் சாகிபு அதைப் பார்த்துத் தலையில் கை வைத்து நின்றார். அவரும் கச்சேரிக்கு வந்தவர்தான், அவரும் ஒரு சாண் மேலேதான் நின்றார். பத்து நாள் கடையைச் சாத்திப் போட்டுவிட்டு, அப்புறம் அதே கடையில் கொலுசும் மெட்டியும் நகப்பூச்சும் விற்க ஆரம்பித்தார், ஏனென்றால் மேலெழும்பின பெண்களின் பாதங்களில் தூசியே படாமல், குதிகால் வெடிப்பெல்லாம் ஆறி, எல்லோர் கண்ணும் அந்தக் கால்களின் மேலேயே போய்க்கொண்டிருந்தது. மருதாணி அரைக்காத வீடு இல்லை.

ஊர் இதைத் தாங்கிக்கொண்ட விதம் இப்படித்தான். தச்சர்களுக்கு நிலை உயர்த்துகிற வேலை குவிந்தது. சுகாதார நிலையத்தில் எடை பார்க்கும் மெஷின் முள் அசையாததால், நர்ஸம்மா ஆளை ஏற இறங்கப் பார்த்து ஒரு எடையை எழுதிக்கொண்டார். பஸ்ஸில் கண்டக்டர் முதல் நாள் மட்டும், "படியில கால் வைக்காதவங்களுக்கு டிக்கெட் உண்டா இல்லையா?" என்று டிரைவரைக் கேட்டார், உண்டு என்று டிரைவர் சொன்னதும் கிழித்துக் கொடுத்துவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள், "பாட்டு நீங்கலா பொண்ணு உசரம் எவ்வளவு?" என்று விசாரித்தார்கள். அம்மன் கோவிலில் பூக்குழி இறங்க, மேலெழும்பினவர்களுக்கு அனுமதி கிடையாது என்று பூசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விரதம் இருந்த சிலர் அழுதார்கள். நடவுக்குப் போகிற பெண்களுக்கு நாற்று சேற்றில் எட்டவில்லை, அவர்களை நாற்றுக்கட்டு சுமக்க மாற்றிவிட்டார்கள். குளத்தில் இறங்கினால் மட்டும் தண்ணீர் அவர்களைத் தரையாக மதிக்கவில்லை. எல்லோரையும் போல முங்கினார்கள், அடிமண்ணுக்கு ஒரு சாண் மேலே நின்று முதுகு தேய்த்தார்கள்.

அந்த ஊரில் மேல் என்றும் கீழ் என்றும் சொல்லிக்கொள்ள ஏற்கெனவே வேறு காரணங்கள் இருந்தன. ஆனால் கச்சேரியன்று இடம் கிடைத்த இடத்தில் எல்லாத் தெருக்காரர்களும் கலந்து உட்கார்ந்துவிட்டதால், இந்தப் புது உயரம் அந்தப் பழைய உயரத்தைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. பண்ணையாரின் மச்சினர் தரையில் நின்று பேச, அவர் வயலில் கூலி வேலை பார்க்கிறவன் ஒரு சாண் மேலே நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேருக்குமே கழுத்து வலித்தது. ஆகவே நாளாக நாளாகப் புது வழக்கு ஒன்று முளைத்தது. கச்சேரி கேட்டவர்கள் கேட்காதவர்களைப் பார்த்து, "ஒங்களுக்கு அது சொன்னா புரியாது" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். டீக்கடையில் தனி பெஞ்சு விழுந்தது. கேட்காதவர்கள் பதிலுக்கு, இவர்களுடைய வெறுங்காலைப் பார்த்து, "பொணத்துக்குத்தான் செருப்பு வேண்டாம்" என்று முணுமுணுத்தார்கள்.

கைலாசத்தைத்தான் எல்லோரும் கேலி செய்தார்கள். "கச்சேரிக்கே கரண்ட் குடுத்தவன் நீ, ஒனக்கு மட்டும் கெடைக்கலியேடே" என்றார்கள். "கம்பத்துல ஏறு, பொண்டாட்டி உசரம் வந்துரும்" என்றார்கள். அவன் சிரித்துக்கொண்டே போவான். ஆனால் வடிவு கவனித்தாள்: அவன் கச்சேரிக்கு வருவதை நிறுத்திவிட்டான். பாவூர்சத்திரத்துக்குக் கூப்பிட்டால் டூட்டி என்றான், தென்காசிக்குக் கூப்பிட்டால் முதுகு வலி என்றான். ராத்திரி அவன் பாயில் படுத்திருக்க, அவள் அதே பாய்க்கு ஒரு சாண் மேலே படுத்திருப்பாள். முன்பெல்லாம் தூக்கத்தில் அவள் மேல் விழுகிற அவன் கை இப்போது எட்டாமல் பாயிலேயே கிடந்தது.

ஐப்பசி மாசத்து மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அவன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமலே உட்கார்ந்திருந்தபோது, அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நான் ஒங்கள விட உசந்துட்டேன்னு வருத்தமா?"

"அட, போடி. உசரத்துல என்ன இருக்கு? நான் தெனம் கம்பத்துல ஏறுதவன்."

"பின்ன என்ன? ஏன் இப்பிடி மொகத்தத் தூக்கி வச்சிருக்கிய?"

கைலாசம் தட்டில் கோடு கிழித்துக்கொண்டே இருந்தான். "நீ பாட்டக் கேப்ப. நான் ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன். நல்லா பாடுனா ஒரு மாதிரி இருக்கும், மோசமா பாடுனா ஒரு மாதிரி இருக்கும். எனக்குக் கச்சேரின்னா அதுதான். இத்தன வருசம் ஒண்ணு விடாமப் பாத்துட்டேன். அன்னைக்கு உள்ளத மட்டும் பாக்கல. கழுதைக்குப் பொறந்த பீஸ் கட்டையப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

 கல்யாணமான நாளிலிருந்து அவன் கடலை தின்னத்தான் கச்சேரிக்கு வருகிறான் என்று வடிவு நினைத்திருந்தாள். மெஷினை விட்டு எழுந்து, பின்னால் வந்து, அவன் தலையில் கை வைத்து நின்றாள். பிறகு அந்த மழையிலேயே, காலில் ஒரு சொட்டு சேறு படாமல், கமிட்டித் தலைவர் உலகநாதன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, வார கொடைக்கி அந்தப் பொண்ணையே திரும்பக் கூட்டிட்டு வரணும்."

உலகநாதனும் அதே யோசனையில்தான் இருந்தார். தரையில் இருந்த பாதி ஊர் அவரைத் தினமும் வாசலில் வந்து நெருக்கிக்கொண்டிருந்தது.

அடுத்த சித்திரையில் ஆலம்பேரிக்கு வந்த கூட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. சேதி பரவி, சங்கரன்கோவிலிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வேன் வேனாக வந்தார்கள். மூட்டுவலிக்காரர்கள் வந்தார்கள், உயரம் குறைவென்று கல்யாணம் தட்டிப்போனவர்கள் வந்தார்கள், வாதத்தில் விழுந்த அம்மாவை ஒரு மகன் முதுகில் சுமந்துகொண்டு வந்தான். உள்ளூரில் கேட்காமல் போனவர்களுக்கெல்லாம் முன்னிடம் ஒதுக்கியிருந்தார்கள். இனிமேல் எதற்கு என்று அத்தனை பேரும் செருப்பை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார்கள். கைலாசம் லீவு போட்டிருந்தான். டிரான்ஸ்பார்மரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளை நிறுத்திவிட்டு, புதுச் சட்டை போட்டு, மத்தியானமே போய் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டான்.

கச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால் வடிவைத் தேடிப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. பாட்டுக்காரியின் ஜாக்கெட் கையில் தையல் விட்டுவிட்டதாம். ஊசி நூலோடு போனாள். மூன்றாம் வகுப்பு அறையில், கரும்பலகைக்குக் கீழே, ஞானசுகிர்தம் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். போன வருஷத்தை விட இளைத்திருந்தாள். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தாள், பேசினால் குரல் மரத்தூள் மாதிரி உதிர்ந்தது.

வடிவு அவள் கையைப் பிடித்துத் தைக்கத் தொடங்கியதும், அவள் வடிவின் காலைக் குனிந்து பார்த்தாள். "நீங்களும் அன்னைக்கு வந்தவங்களாக்கா?"

"ரெண்டாவது வரிசை."

"அன்னைக்கு நான் எப்பிடிப் பாடுனேன்?"

"ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு அன்னைக்குச் சரியான பசி. பெரியக்கா வராததுல யாரும் சாப்பாடு வாங்கித் தரல. சீக்கிரம் முடிஞ்சா போதும்னு பாடுனேன். வேற ஒண்ணும் ஞாபகம் இல்ல." அவள் துண்டை இறுக்கிக்கொண்டாள். "அதுக்கப்புறம் போற ஊர்லயெல்லாம், 'ஆலம்பேரியத் தூக்குனீங்களே, எங்களயும் தூக்குங்க'ன்னு கேக்காங்க. ஒரு எடத்துலயும் நடக்கல. நான் பாடுறப்ப ஒருத்தரும் என்னப் பாக்கமாட்டாங்க அக்கா. எல்லாரும் குனிஞ்சு அவங்கவங்க காலப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. முடிஞ்சதும் ஏசுவாங்க. நல்லாருந்துச்சு, நல்லால்லன்னு யாரும் சொல்றதில்ல. தூக்கலன்னுதான் சொல்வாங்க."

வடிவு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "முதல் சரணம் முடிஞ்சு மூச்சு வாங்க ஒரு நிமிசம் நிறுத்துனிய. மத்தவங்கன்னா அந்த எடத்த வாத்தியத்துக்கு விட்ருவாங்க. நீங்க சும்மா நின்னிய. திரும்ப எடுக்கும்போது, இவ்வளவு நேரமும் எனக்குத்தான் காத்துக்கிட்டு இருந்த மாதிரி எடுத்திய. நான் நெறைய கேட்டிருக்கேன். அப்பிடி ஒரு எடம் கேட்டதில்ல."

ஞானசுகிர்தம் கழுத்துத் துண்டை அவிழ்த்து மடித்து வைத்தாள். மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பாடிய முதல் பாட்டிலேயே வடிவின் கைகள் மடிக்குப் போய்விட்டன. மைக் ஊளையிட்டது. கீபோர்டுக்காரன் ஒரு கட்டையில் வாசிக்க, அவள் வேறு கட்டையில் பாட, இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு பாட்டு முழுக்க அலைந்தார்கள். அறிவிப்பாளன் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும், "இதோ, இந்தப் பாட்டில் நீங்கள் எழும்பப்போகிறீர்கள்!" என்று கத்தினான். கூட்டம் மொத்தமும் தலையைக் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோவிலில் தொலைந்த தோட்டைத் தேடுகிற மாதிரி ஆயிரம் உச்சந்தலைகள் மேடையைப் பார்த்தபடி இருந்தன. மூன்றாவது பாட்டில் அவள் குரல் உடைந்தது. வேகமான பாட்டு ஒன்றை எடுத்து, மூச்சு எட்டாமல், சொற்களை விழுங்கினாள். அந்தப் பழைய மெதுவான பாட்டை ஆரம்பித்தபோது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. சில பேர் குதிகாலை உயர்த்திப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மேற்கே மலைப்பக்கமிருந்து காற்று எழும்பி மணலை வாரி எல்லோர் வாயிலும் போட்டது, பெரிய பெரிய சொட்டாகக் கோடை மழை விழ ஆரம்பித்தது, எங்கோ ஒரு தென்னை மட்டை கம்பியில் விழ, முதல் சரணம் முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது.

இருட்டில் முதலில் ஒரு விசில், அப்புறம் வசவு. "ஏமாத்துக்காரி!" என்றது ஒரு குரல். "எறங்குடி கீழ!" என்றது இன்னொன்று. எறிவதற்குச் செருப்பைத் தேடினார்கள், யார் காலிலும் செருப்பு இல்லை. ஈர மணலை அள்ளி எறிந்தார்கள். கமிட்டித் தலைவர் உலகநாதன், ஒரு சாண் உயரத்தில் அங்குமிங்கும் ஓடி, "லைன்மேன் எங்கடே? கைலாசம் எங்க?" என்று கூவினார்.

கைலாசம் எழுந்தான். வடிவு அவன் புதுச் சட்டையைப் பிடித்தாள்.

"போவாதிய. அங்க வேற ஆள் நிக்கான்லா."

"அவன் புதுப் பய. மழையில கம்பத்துல ஏறமாட்டான்."

"ஒருவேள இனிமே நடந்துச்சுன்னா? திரும்பவும் நீங்க இல்லாம..."

"அந்தப் பொம்பளப்புள்ள இருட்டுல தனியா நிக்குட்டி" என்று சொல்லிவிட்டு அவன் அரிசி மில்லைப் பார்த்து ஓடினான்.

கூட்டம் கலைந்தது. வேன்களின் விளக்குகள் திரும்பித் திரும்பிப் போயின. மகன் தன் அம்மாவை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தான். வாத்தியக்காரர்கள் பெட்டிகளின் மேல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மேடைக்கு அடியில் போய் ஒண்டினார்கள். ஆனால் ஞானசுகிர்தம் இறங்கவில்லை. இறங்கத் தெரியாமலா, இறங்கப் பயந்தா தெரியாது, விட்ட இடத்திலிருந்து அந்தப் பாட்டையே பாடிக்கொண்டிருந்தாள். மைக் இல்லை, வாத்தியம் இல்லை, மழைச் சத்தத்துக்கு மேல் குரல் பாதிதான் வந்தது, வந்த பாதியும் கரகரத்தது. வடிவு எழுந்து, காலியாகிப்போன முன்வரிசைக்கு நகர்ந்து, மேடைக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். முப்புடாதியும், மீரான் சாகிபும், இன்னும் முப்பது நாற்பது பேரும், பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டு எழுந்துபோகிற பழக்கம் இல்லாதவர்கள், அங்கங்கே சேலைத் தலைப்பையும் துண்டையும் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு மோசமாகத்தான் இருந்தது. ஒரு சங்கதியும் சரியாக விழவில்லை. அவர்கள் அதை முழுக்கக் கேட்டார்கள்.

அவள் முடித்தபோது வடிவு கை தட்டவில்லை. எழுந்திருக்கக் கையை ஊன்றினாள், காலை ஊன்றினாள். உள்ளங்காலில் சில்லென்று ஏதோ பட்டது. ஈர மணல்.

"எக்கா, எறங்கிட்டோம்" என்றாள் முப்புடாதி பின்னாலிருந்து, பஸ் ஊர் வந்து சேர்ந்ததைச் சொல்கிற மாதிரி.

கரண்ட் வந்தது. வெளிச்சத்தில் ஞானசுகிர்தம் தலைமுடியிலும் பட்டுச்சேலையிலும் மணல் அப்பியபடி படியிறங்கி வந்து வடிவுக்கு முன்னால் நின்றாள். இந்தத் தடவை வடிவின் காலைப் பார்க்கவில்லை.

"எப்பிடி இருந்துச்சுக்கா?"

வடிவு கச்சேரி விஷயத்தில் இதுவரைக்கும் பொய் சொன்னதில்லை. "ரொம்ப மோசம்மா" என்றாள். "நான் கேட்டதுலயே இதுதான் மோசம். மூணாவது பாட்ட நீங்க எடுத்திருக்கவே கூடாது. நாலாவதுல பாதி வார்த்த காணல. தொண்டைய இந்த நெலமையில வச்சுக்கிட்டு ஒரு மாசத்துக்குப் பாடாதிய. கடசில, இருட்டுல, ரெண்டாவது சரணம் எடுத்திய பாருங்க, அதுல ஒரே ஒரு வரி ஒழுங்கா வந்துச்சு."

"எந்த வரி?"

வடிவு சொன்னாள். ஞானசுகிர்தம் கொஞ்ச நேரம் அந்த வரியை உதட்டுக்குள் முணுமுணுத்துப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, வடிவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வருசம் ஆச்சுக்கா" என்றாள், "எம் பாட்டப் பத்தி ஒருத்தர் பேசி." வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் ஏறினாள். பின்னாளில் அவள் நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராகப் போனாள் என்றும், பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லாமல் முதல் சரணத்தின் முடிவில் சும்மா நிற்பாள் என்றும் கேள்வி.

கடைசிவரை கேட்காமல் எழுந்துபோன, மேலெழும்பினவர்கள் இன்னும் சில காலம் மேலேயே இருந்தார்கள், அப்புறம் ஆளுக்கு ஒரு இடத்தில், ரேஷன் கடை வரிசையிலும் குளத்தங்கரையிலும், யாருக்கும் தெரியாமல் இறங்கினார்கள். உலகநாதன் மட்டும் சவரக்கடை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது இறங்கினார், அதனால் அது எல்லோருக்கும் தெரிந்துபோனது. டீக்கடையில் தனியாகக் கிடந்த பெஞ்சைக் கடைக்காரர் எடுத்து உள்ளே விறகு அடுக்கப் போட்டுக்கொண்டார்.

கச்சேரியன்று ராத்திரி கைலாசம் முழுக்க நனைந்து, புதுச் சட்டை கிழிந்து திரும்பி வந்தபோது, வடிவு மைதானத்தின் வாசலில் சரளைக்கல் பாதையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். வழக்கமாக அவளைப் பார்க்கத் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது, இப்போது வேண்டியிருக்கவில்லை.

"ஏட்டி, எறங்கிட்டியா? எப்ப?"

"பாட்டு முடியயில."

"போச்சு போ. இந்தக் கச்சேரியும் எனக்குப் போச்சு."

"இதுல ஒங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல" என்றாள் வடிவு. பிறகு ஒரு அடி எடுத்து வைத்து, "ஐயோ!" என்று கத்தி, காலைத் தூக்கிக்கொண்டு அவன் மேல் சாய்ந்தாள்.

ஒரு வருஷமாக மண்ணைத் தொடாத உள்ளங்கால் கைப்பிள்ளையின் கன்னம் மாதிரி ஆகியிருந்தது. ஒவ்வொரு கல்லும் ஊசியாகக் குத்தியது. அவர்களுக்கு முன்னாலும் பின்னாலும், இறங்கினவர்கள் அத்தனை பேரும், மீரான் சாகிபு உட்பட, "ஆ" என்றும் "அம்மா" என்றும் ஒற்றைக்காலில் தத்தித் தத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டும் வேலியைப் பிடித்துக்கொண்டும் தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு அடிக்கு ஒரு தடவை நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கைலாசம் அவளைத் தூக்கிக்கொள்கிறேன் என்று குனிந்தான்.

"வேண்டாம்" என்றாள். "தூக்குனா திரும்பவும் ஒங்களுக்கு மேல போயிருவேன். தோளக் குடுங்க, அது போதும்."

தோளைக் கொடுத்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கல் கல்லாகத் தேடிக் கால் வைத்து, அவன் கேட்காமல் போன கச்சேரியைப் பாட்டுப் பாட்டாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள். மைக் ஊளையிட்டதை ஊளையிட்டுக் காட்டினாள், கீபோர்டுக்காரன் கட்டையைத் தேடினதைக் காற்றில் விரலால் தேடிக் காட்டினாள். தெருவிளக்குகளுக்கு அடியில் வரும்போதெல்லாம் கைலாசம் நடையைக் குறைத்து, குனிந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டான்.